வடிவு யாரு?

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது நான் ஒரு ஹேண்ட்ஃபோனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்கிற பொறாமை இல்லை. அது என் அத்தையின் மடியில் கிடந்தது. அதற்கு முன்பு அந்த மடியில் என் தலை கிடந்தது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்காக நான் செய்த காரியம் சின்னதில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஈசூனில் எங்கள் மூவறை வீட்டில் எங்களோடுதான் இருந்தார். அவருக்கும் எனக்கும் ஒரே அறை. ஈரடுக்குக் கட்டிலில் மேல்தட்டு எனக்கு, கீழ்த்தட்டு அவருக்கு. சிராங்கூன் சாலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது என்பதால் அவருக்கு விடுப்பு புதன்கிழமை. ஆகவே உலகத்தில் எல்லாருக்கும் ஞாயிறு எப்படியோ, எனக்குப் புதன் அப்படி. பள்ளி விடும்போது வாயிலுக்கு எதிரே குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இருவரும் காப்பிக் கடைக்குப் போவோம். ஒரே கிண்ணம் ஐஸ் கச்சாங், துருவிய பனிக்கட்டிக் குவியல், இரண்டு கரண்டி. சிவப்புப் பாகு ஊற்றிய பக்கம் எனக்கு, பச்சைப் பக்கம் அவருக்கு. நடுவில் ஊறி இரண்டும் கலந்த இடம் யாருக்கு என்று வாராவாரம் ஒரு வழக்கு நடக்கும். எப்போதும் எனக்கே தீர்ப்பாகும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை தலை பின்னிவிடுவார். பிறகு அவர் மடியில் தலை வைத்துப் படுத்தால் கடைக்கு வந்தவர்களின் கதைகள் வரும். எழுத்துப் பலகையைப் படிக்கத் தெரியாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பெரியவர், கண்ணாடி போட்டதும் தன் கணவரை முதல்முறையாகத் தெளிவாகப் பார்த்துப் பெருமூச்சு விட்ட அம்மா. இதையெல்லாம் அத்தை எனக்கு மட்டும்தான் சொல்கிறார் என்று நம்பினேன். அன்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சத்தனமான ஆள். யாரோடும் பங்கு போடப் பிடிக்காது. இப்போதும் அப்படித்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அத்தைக்கு அப்போது இருபத்தொன்பது. மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். போனவர்கள் நேரடியாக எதுவும் சொன்னதில்லை. இரண்டு நாள் கழித்துத் தரகர் அம்மா தொலைபேசியில் ஜாதகம் என்பார், அம்மா "பரவால்லங்க" என்று வைத்துவிடுவார். ஜாதகத்தைப் பார்த்துவிட்டுத்தானே வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா அத்தையின் அறைக்கு வந்து, "ஒனக்கு மொகத்துல ஒரு களை இருக்கு. அது அவங்களுக்குத் தெரியல" என்பார். அத்தை அலமாரிக் கண்ணாடியைப் பார்த்தபடி, "தோட்டத்துலயுந்தான் களை இருக்கு, அண்ணி" என்பார். அம்மா சிரிப்பார், அத்தையும் சிரிப்பார். நானும் சிரிப்பேன். என் சிரிப்பு வேறு காரணத்துக்கு. மாப்பிள்ளை வீட்டார் போய்விட்டார்கள், மிச்சக் கேசரியும் மொத்த அத்தையும் எனக்குத்தான்.

அந்த ஹேண்ட்ஃபோன் புதியதுகூட இல்லை. கடையில் கூட வேலை செய்த பெண் வேறு வாங்கியபோது அத்தைக்குக் கொடுத்துவிட்ட பழையது. சோப்புப் பெட்டி அளவு, தலையில் ஒரு கட்டை வால். பச்சை வெளிச்சத்தில் நாலு வரி தெரியும். முதலில் அதில் வந்ததெல்லாம் எங்கள் வீட்டுச் செய்திதான். தமிழ் எழுத்து அதற்குத் தெரியாது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். அது வேடிக்கையாகத்தான் இருந்தது. வரும்போது பால் வாங்கி வரும்படி அத்தை அப்பாவுக்கு ஒருமுறை அனுப்பினார். "யாரோட பல்லு?" என்று அப்பா பதில் அனுப்பினார். ஒரு எழுத்துக்கு விசையை மூன்று முறை, சில எழுத்துக்கு நான்கு முறை அழுத்த வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் எழுத்து விழுந்துவிடும், அவசரப்பட்டால் அடுத்த எழுத்துக்குத் தாண்டிவிடும். போதாததற்கு, அதுவே முந்திக்கொண்டு ஏதாவது ஆங்கிலச் சொல்லை ஊகித்துப் போட்டுவிடும். அந்த ஊகத்தை அணைத்துவைக்கும் வழியைக் கண்டுபிடித்தது நான்தான். அத்தையின் விரலுக்குப் பொறுமை கிடையாது, என் விரல் பறக்கும். "குட்டி, இதை அடிச்சுக் குடு" என்று நீட்டுவார். எனக்கு ஒரே பெருமை.

பெருமை இரண்டு மாதம் நீடித்தது. பிறகு கண்ணாடிக்காரர் வந்தார்.

அவர் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தவர். ஜூரோங்கில் கப்பல் பட்டறை ஒன்றின் அலுவலகத்தில் வேலை. தாத்தா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்துவிட்ட குடும்பம். கண்ணாடி தயாரானதும் சொல்லச் சொல்லி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தை தன் ஹேண்ட்ஃபோனிலிருந்து தயார் என்று அனுப்பினார், நன்றி என்று பதில் வந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கண்ணாடிக்கு வரிசையாக நோய் வர ஆரம்பித்தது. ஒரு வாரம் மூக்கில் அழுத்தியது, அடுத்த வாரம் காதை இழுத்தது, அதற்கடுத்த வாரம் திருகாணி கழன்றது. ஒரு கண்ணாடிக்கு இத்தனை வியாதி வந்து நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மெசேஜ், பின்னால் ஒரு மெசேஜ்.

அதற்குப் பிறகு "குட்டி, அடிச்சுக் குடு" நின்றுபோனது. அத்தை தானே அடித்தார். ஒரு வரிக்கு ஒரு டி.வி. நாடகம் முடியும் நேரம் ஆகும், இருந்தாலும் தானே அடித்தார். மடியில் தலை வைத்துப் படுத்தால், கதை பாதியில் நிற்கும். மேலே பார்த்தால் பச்சை வெளிச்சம் அவர் முகவாயில் விழுந்திருக்கும்.

அந்த ஹேண்ட்ஃபோனில் பத்து மெசேஜுக்குத்தான் இடம். பதினொன்றாவது வந்தால் உள்ளே வராது. மூலையில் ஒரு கடித உறை மின்னிக்கொண்டு வெளியே காத்துக்கிடக்கும். ஏதாவது ஒன்றை அழித்தால்தான் அது வரும். அத்தை பத்தில் ஒன்றை எப்போதும் காலியாகவே வைத்திருப்பார், அடுத்து வரப்போவதற்காக. புதிது வந்ததும் இருக்கிற ஒன்பதில் எதை அழிப்பது என்று உட்கார்ந்து வருந்துவார். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். எனக்கு வயிறு எரியும். நான் மழலையர் பள்ளியில் அவருக்கு வரைந்து கொடுத்த பிறந்தநாள் அட்டை எங்கே என்று கேட்டேன். அலமாரிக்குள் எங்கேயோ இருக்கும் லா என்றார்.

கண்ணாடிக்காரர் என்னதான் எழுதுகிறார் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஓம் என்று மட்டும் இருந்தது. அடுத்ததும் ஓம். நான் அம்மாவிடம் ஓடிப்போய், அவர் எந்நேரமும் சாமி கும்பிடுகிற ஆள் என்று சொன்னேன். அம்மாவுக்கு மகிழ்ச்சி. அத்தை வந்து கெடுத்தார்.

"அவங்க வீட்டுல ஆமான்னு சொல்றதுக்கு ஓம்னு சொல்வாங்களாம், அண்ணி. கடையில நம்மள மாதிரிதான் பேசுறாரு. மெசேஜுல மட்டும் அவங்க தமிழு வந்துடுது."

இதைச் சொல்லும்போது அத்தைக்கு ஒரு சிரிப்பு வந்தது. அது எனக்குத் தெரிந்த சிரிப்புகளில் எதிலும் சேராதது. ஆமாம் என்று சொல்லக்கூடத் தனியாக ஒரு சொல் வைத்திருக்கும் ஆளை எப்படி ஜெயிப்பது என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் அப்பாவுக்கும் விஷயம் தெரிந்தது. அப்பா அவரை டேக்காவில் சந்தித்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து, "நல்ல மனுசன்தான். வாயத் தொறந்து பேச வைக்கிறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மாவும் அக்காவும் முறைப்படி வந்து பார்ப்பதாக முடிவாயிற்று. அத்தை கடையில் விடுப்புச் சொன்னார். முதல் மூன்று முறையும் அவர் இப்படித் தயாராகி நான் பார்த்ததில்லை. அந்த மூன்று முறையும் அம்மா புடவை எடுத்து வைத்தால் கட்டிக்கொள்வார். இந்தமுறை பத்து நாள் முன்பே தானே போய் வாங்கிவந்து அலமாரியில் தொங்கவிட்டார். அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம் வரும்.

அந்த ஞாயிற்றுக்கு முந்திய புதன்கிழமை. அன்று அத்தை பள்ளி வாயிலுக்கு வரவில்லை, வீட்டில் குளித்துவிட்டு வந்ததும் ஐஸ் கச்சாங் சாப்பிடப் போவதாகத் திட்டம். அன்று தமிழில் சொல்வதெழுதுதலில் எனக்கு முழு மதிப்பெண். அதைச் சொல்லிக் காட்ட நோட்டுப் புத்தகத்தோடு கட்டிலில் காத்திருந்தேன். தலையணை மேல் இருந்த ஹேண்ட்ஃபோன் கூவியது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எடுத்துத் திறந்தேன்.

ஆங்கில எழுத்தில் இருந்ததை வாய்விட்டுக் கூட்டிப் படித்தேன். நேத்து கோயில்ல நல்ல வடிவு. கண் எடுக்க ஏலாமப் போச்சு. அம்மாட்டையும் சொன்னனான்.

எனக்கு உலகத்தில் தெரிந்த வடிவு ஒருவர்தான். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே மளிகைக் கடை வைத்திருந்த வடிவு ஆன்ட்டி. ஐம்பது வயது, ஒரு தங்கப்பல், கடனுக்கு மிட்டாய் கேட்டால் விரட்டுவார். அவரை யாரும் கண் எடுக்காமல் பார்க்க நியாயமில்லை. ஆகவே இது வேறொரு வடிவு. அவளை இந்த மனிதர் நேற்றுக் கோயிலில் பார்த்திருக்கிறார். நல்ல வடிவு என்று வேறு எழுதியிருக்கிறார், அப்படியென்றால் கெட்ட வடிவும் ஒருத்தி இருக்கிறாள் போல. அம்மாவிடமும் சொல்லிவிட்டாராம். எனக்கு அத்தைக்காகக் கோபம் வந்தது என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் எனக்கு வந்தது சந்தோஷம்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. படிக்காத மெசேஜின் பக்கத்தில் இருக்கும் சிறு உறைப் படம் திறந்து படித்ததும் போய்விடும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பார்த்தது தெரிந்துவிடும். அழிக்கவா என்று ஹேண்ட்ஃபோன் கேட்டது. நான் ஓம் என்று சொல்லவில்லை, ஆனால் விசையை அழுத்தினேன். மறுபடியும் ஒன்பது மெசேஜும் ஒரு காலி இடமுமாக அது பழையபடி ஆயிற்று. தலையணை மேல் முன்பு இருந்த அதே கோணத்தில் வைத்தேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருப்பதாகத்தான் எண்ணம். காப்பிக் கடையில் அத்தை கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஹேண்ட்ஃபோனை வைத்துக்கொண்டார். நான் சொல்வதெழுதுதல் கதையைத் தொடங்கினேன். பத்துச் சொல்லில் ஏழாவது சொல் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஹேண்ட்ஃபோனை எடுத்துப் பார்த்தார். எட்டாவது சொல்லில் மறுபடி. பச்சைப் பக்கம் கரைந்து என் சிவப்புப் பக்கத்துக்கு வழிந்தது. நடுவிடம் யாருக்கு என்ற வழக்கையே அவர் மறந்துவிட்டார்.

"அவரு அனுப்ப மாட்டாரு" என்றேன். "வடிவுகூட பிஸியா இருப்பாரு."

"எந்த வடிவு?"

சொல்லிவிட்டேன். மெசேஜ் வந்ததாகவும், என் கை தெரியாமல் பட்டு அது அழிந்துபோனதாகவும் சொன்னேன். நேற்றுக் கோயிலில் வடிவு என்று ஒருத்தியைப் பார்த்தாராம், கண்ணையே எடுக்க முடியவில்லையாம், அவர் அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டதாம். என் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அத்தை என்னைத் திட்டவில்லை. கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தார்.

"நேத்து கோயிலுக்கு நான்தான் வரச்சொன்னேன். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பத்து நிமிசம் பாத்துட்டுப் போலாம்னு. நான் பக்கத்துல நிக்கிறேன். நிக்கிறப்பவே இன்னொருத்தியப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு." பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "யாரோ சிநேகிதருக்கு அனுப்ப வேண்டியது, தப்பா எனக்கு வந்துடுச்சு" என்றார்.

அவர் முகத்தில் அப்போது வந்ததை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். ஏழு வாரமாக எனக்குள் இருந்தது அது. யாரோ ஒருத்தி நம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியும்போது வருவது. எனக்கு இருந்த அதே நோய் அத்தைக்கும் ஒட்டிவிட்டதில் முதலில் ஒரு ஆறுதல்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஹேண்ட்ஃபோனை என்னிடம் நீட்டினார். "அடி. வடிவு யாருன்னு கேளு."

வி, ஏ, டி, ஐ, வி, யு. வெகு நாள் கழித்து எனக்கு வேலை திரும்பக் கிடைத்திருந்தது. ஒரு பிழை இல்லாமல் அடித்து அனுப்பினேன். அவர் கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருப்பார் போலும், உடனே பதில் வந்தது. இதென்ன கேள்வி, நீங்கள்தான்.

அத்தை அதை இரண்டு முறை படித்தார். "மாட்டிக்கிட்டதும் நான்தான் வடிவுங்குறாரு. எம்பேரு என்ன வடிவா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "பொய் சொல்லாதீங்கன்னு அடி."

அடித்தேன். மூலையில் உறை மின்னியது, அத்தை பழையது ஒன்றை அழித்தார். பதில் வந்தது. சத்தியமா. அம்மாட்டையும் அதைத்தான் சொன்னனான்.

"அம்மாவையும் கூட்டு சேத்தாச்சு" என்றார் அத்தை. ஹேண்ட்ஃபோனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்தார். ஒரு வரி எழுத அவ்வளவு நேரம் எடுத்தவர், அழிப்பதை மளமளவென்று செய்தார். எதை அழிப்பது என்று வாரக்கணக்கில் வருந்தியதெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பிறகு அணைத்துவிட்டு அலமாரிக்குள், அந்தப் புதுப் புடவைக்குக் கீழே வைத்தார்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஹேண்ட்ஃபோன் கூவவில்லை. நான் விரும்பிய வீடு திரும்பக் கிடைத்துவிட்டது. மடி காலியாக இருந்தது, தலை வைத்துப் படுத்தேன். ஆனால் கதை வரவில்லை. சனிக்கிழமை மாலை அத்தை சமையலறையில் அம்மாவிடம் சொன்னது கேட்டது.

"நாளைக்கு வரட்டும், அண்ணி. வரச்சொல்லிட்டு வேணாம்னு சொன்னா மரியாதையில்ல. வந்ததும் நானே நேரா சொல்லிடுறேன், எனக்கு இஷ்டமில்லன்னு."

அம்மா எவ்வளவோ கேட்டுவிட்டுக் கடைசியில் வடிவு விஷயத்தைத் தெரிந்துகொண்டார். "நேருல கேட்டுப் பாக்கலாமேம்மா" என்றார்.

"கேட்டேன், அண்ணி. நீங்கதான் வடிவுன்னு கேலி பண்றாரு. எனக்கு இனிமே வேற எடமும் பாக்க வேணாம். போதும்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அத்தை எங்கேயும் போகப்போவதில்லை. ஆனாலும் அன்று இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மூவரும் வந்தார்கள். கண்ணாடிக்காரரை அன்றுதான் முதல்முறை நேரில் பார்த்தேன். ஒல்லியாக, நெற்றி ஏறி, மூக்கில் அந்த நோயாளிக் கண்ணாடி. என் எதிரி இவ்வளவு சாதாரணமாக இருந்ததில் எனக்குப் பெரிய ஏமாற்றம். அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, மூன்று நாளாகப் பதில் வராத ஆள் எப்படி இருப்பாரோ அப்படிச் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா பெரிய பொட்டு வைத்துக்கொண்டு, வந்ததும் வராததுமாக எங்கள் வீட்டுத் திரைச்சீலையைப் பாராட்டினார். அப்பா விசிறியின் வேகத்தைக் கூட்டினார், பிறகு குறைத்தார், மறுபடியும் கூட்டினார்.

அத்தை தேநீர்த் தட்டோடு வெளியே வந்தார். புதுப் புடவை கட்டியிருக்கவில்லை. கடைக்குக் கட்டிக்கொண்டு போகிற ஒன்று. தட்டை வைத்ததும் சொல்லிவிடப்போகிறார் என்று அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். நான் சோபாவின் ஓரத்தில் நின்றேன்.

அவருடைய அம்மா என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "இது ஆர், மருமகளோ? பிள்ளை நல்ல வடிவு, என்ன?"

அத்தை தட்டோடு நின்றுவிட்டார்.

அவருடைய அக்கா, "அத்தையப்போலத்தானே மருமகளும் இருப்பா" என்றார். "தம்பி ஒரு கிழமையா வீட்டில இதைத்தான் சொல்லுறான், பொம்பிளை நல்ல வடிவு எண்டு. இப்பதானே தெரியுது."

என் அம்மா திருகிக்கொண்டிருந்த முந்தானையை விட்டார். "வடிவுன்னா... அது யாருங்க?"

"ஆரோ?" அந்த அம்மா சிரித்தார். "வடிவு எண்டா அழகு, பிள்ளை. நீங்கள் அப்பிடிச் சொல்லுறேல்லையோ?"

எதுவும் தெரியாத அப்பா, "எங்களுக்கு வடிவுன்னா கீழ மளிகைக் கடை வச்சிருக்காங்களே, அவங்கதாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு, கடையில் பேசுகிற எங்கள் தமிழை மறந்து, அத்தையைப் பார்த்துக் கேட்டார்.

"அதுக்குத்தான் வடிவு ஆரெண்டு கேட்டனீங்களோ?"

தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அம்மா எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டார். அத்தை எதையோ எடுத்து வருவதுபோலச் சமையலறைக்குத் திரும்பினார். நான் பின்னாலேயே போனேன். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தார். முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பயந்து பக்கத்தில் போய்ப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டும் இருந்தார். பிறகு அறைக்குப் போய் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது புதுப் புடவை கட்டியிருந்தார். சொல்வதாக இருந்ததை அவர் சொல்லவில்லை, அவரிடம் யாரும் எதையும் கேட்கவும் இல்லை.

கண்ணாடிக்காரரைத்தான் பிறகு நான் மாமா என்று கூப்பிட ஆரம்பித்தேன். இப்போது இருவரும் பொங்கோலில் இருக்கிறார்கள். காலையில் பூப்படமும் வணக்கமும் அத்தையிடமிருந்து எல்லாருக்கும் வரும், அழகான தமிழ் எழுத்தில். மாமாவிடமிருந்து இன்றும் ஓம்தான். மாமா நல்லவர். ஆனால் எழுத்தில் ஒருமுறை சொன்னதை வாயால் இன்னொருமுறை சொல்கிற ஆள் இல்லை. அத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பிப் போனபோது தாழ்வாரத்தில் இன்னும் வெயில் இருந்தது. அத்தை என்னை அறைக்குக் கூப்பிட்டார். கட்டிலில் உட்கார்ந்து ஹேண்ட்ஃபோனைத் திறந்து வைத்திருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். பத்து இடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எப்போதோ அப்பாவின் ஹேண்ட்ஃபோனிலிருந்து நான் அனுப்பியது. அத்தை புதன்கிழமை சீக்கிரம் வாங்க. இத்தனை நாளும் அவர் வைத்திருந்த ஒன்பதில் ஒன்று என்னுடையது என்பது எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்தபோதும், மற்ற ஒன்பது இடமும் காலியாக இருந்ததுதான் என் கண்ணில் பட்டது.

"குட்டி, அன்னிக்கு வந்த மெசேஜு, மொதல்ல வந்துச்சே, அது அப்படியே என்னன்னு சொல்லு. ஒரு எழுத்து விடாம."

எனக்கு அது ஒரு எழுத்துப் பிசகாமல் தெரியும். சொல்வதெழுதுதலில் முழு மதிப்பெண் வாங்குகிறவள் நான். எந்தச் சொல்லுக்குப் பிறகு புள்ளி என்பதுகூட இன்றுவரை நினைவிருக்கிறது. ஆனால் சொன்னால் மறுபடி எல்லாம் தொடங்கிவிடும் என்று பட்டது. அதோடு, படித்தது யார், அழித்தது யார், கை தெரியாமல்தான் பட்டதா என்று விசாரணை வரும் என்றும் பயம்.

"மறந்துபோச்சு, அத்தை."

"ஒரு வார்த்தைகூடவா ஞாபகமில்ல?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் அறைவாரோ என்றுகூட நினைத்தேன். அவர் ஹேண்ட்ஃபோனைக் கீழே வைத்தார். "பரவால்ல லா" என்றார். என்னைத் திருப்பி உட்காரவைத்து, கலைந்திருந்த என் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தார். விரல்கள் என் தலையில் மெதுவாக, நிறைய நேரம் எடுத்துக்கொண்டு வேலை செய்தன. இருபத்தொன்பது வருடம் யாரும் அவரிடம் சொல்லாத ஒன்று முதல்முறையாக அவருக்கு வந்திருந்ததும், அதைப் படித்தவள் நான் ஒருத்தி மட்டும் என்பதும், அவர் என்னிடம் கேட்டது அதைத்தான் என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை. நல்லவேளை, திட்டு வாங்காமல் தப்பித்துவிட்டோம் என்று சந்தோஷமாக இருந்தது. வருகிற புதன்கிழமை ஐஸ் கச்சாங் சாப்பிடப் போகலாமா என்று கேட்டேன்.